என் கழுத்தில் ஓர் ஆங்கிலேயரின் பெயர்

டொக்டர் ஒரு ஆளின் பெயரைச் சொன்னார். அந்த ஆளின் வருத்தம், அவருடைய நோய், எனக்கு இருக்கிறது என்றார்.

நான் திரும்பி என் கணவர் அருளைப் பார்த்தேன். என்னுடைய ஆங்கிலம் புத்தகம் வாசிக்கப் போதும். ரொறன்ரோவில் ஆட்கள் கதைக்கிற வேகத்துக்குக் காணாது. அருள் கொழும்பில் வங்கியில் இருந்தவர், அவருக்கு விளங்கியிருக்கும் என்று நினைத்தேன். அவருடைய முகமும் என்னுடையதைப் போலவே வெறுமையாக இருந்தது.

"வேற ஆற்றையோ ஃபைல் மாறிப்போச்சுது போல," என்றார் எனக்கு மட்டும் கேட்க.

எனக்கும் அதுதான் தோன்றியது. இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெயருடைய ஒரு வெள்ளைக்காரர் எந்த மாடியிலோ படுத்திருக்கிறார். என் கழுத்தில் வெட்டியெடுத்த துண்டும் அவருடைய துண்டும் மாறிவிட்டன. நெஞ்சுக்குள் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது. உடனே, முகம் தெரியாத அந்த மனிதருக்காக இரக்கமும் வந்தது.

"அந்த மனிசன் எந்த வார்டில இருக்கிறார்?" என்று அருள் கேட்டார்.

டொக்டர் இளம் ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் செத்து நூறு வருசத்துக்கு மேலே," என்றார். "இது நோயின் பெயர். அதை முதல் கண்டுபிடித்தவரின் பெயர். உங்கள் மனைவியின் நிணநீர்க் கணுக்களில் வந்திருக்கிற ஒரு வகைப் புற்றுநோய்."

அந்தக் கடைசிச் சொல் மட்டும் எனக்கு முழுசாக விளங்கியது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. வீட்டில் அதைச் சொல்வதில்லை என்று அன்று வீடு திரும்பும்போதே, தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, நானும் அருளும் முடிவெடுத்தோம். எங்கள் மகள் அனிற்றா அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தவள். எந்த ஆங்கிலச் சொல்லையும் பள்ளிக்கூட நூலகத்தில் தேடிப் பிடித்துவிடுவாள். "இங்கிலீசுக்காரற்றை வருத்தம்" என்று சொல்லத் தொடங்கினோம். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறோம். இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பெயரை ஒரு டொக்டரின் வாயால் முதன்முதல் கேட்டுவிட்டு, எங்களைப் போல ஒன்றும் விளங்காமல் வெளியே வருகிற எங்கள் ஆட்கள் இன்னும் இருப்பார்கள்.

எண்பத்தி மூன்று கலவரத்தில் கொழும்பில் எங்கள் வீடு எரிந்தது. அடுத்த வருடம் ரொறன்ரோ வந்து பார்க்டேலில் ஒரு அப்பாட்மென்ற் எடுத்தோம். கொழும்பில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழில் விலங்கியல் படிப்பித்தவள். நிணநீர்த் தொகுதியைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் பச்சைச் சோக்கால் கீறியிருக்கிறேன். உடம்பில் இரத்தக் குழாய்களைப் போலவே இன்னொரு குழாய் வலை ஓடுகிறது. அதில் இடைக்கிடை அவரை விதை போலச் சின்னச் சின்னக் கணுக்கள். கிருமி வந்தால் மறித்து வைக்கிற காவல் அவை. இவ்வளவையும் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தன்னுடைய கழுத்தில் அந்தக் கணு ஒன்று வீங்கியது தெரியவில்லை.

அனிற்றாதான் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக அவளுக்குக் குளிர்ச் சட்டை மாட்டிவிடும்போது என் கழுத்தைக் கட்டிப்பிடித்தவள், கையை எடுத்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு இதில ஒரு கல்லு இருக்கு," என்றாள்.

இடப்பக்கத் தோள் எலும்புக்கு மேலே. நோவு இல்லை. அமத்தினால் றப்பர் போல இருந்தது. அதற்கு முன்னரே உடம்பெல்லாம் கடி, சொறிந்தபடியே இருந்தேன். குளிருக்குத் தோல் காய்ந்துவிட்டது என்று தேங்காயெண்ணெய் பூசினேன். படுக்கை நனையும் அளவுக்கு வேர்த்தது. ஹீற்றர் கூடிப்போச்சு என்று யன்னலைத் திறந்துவிட்டேன். பாக்டறியில் பிஸ்கற் பெட்டி அடுக்குகிற வேலை, நிறை குறைந்ததற்கு அந்த நிற்பு காரணம் என்று நினைத்தேன்.

முதலில் பார்த்த குடும்ப டொக்டர், இலங்கையிலிருந்து வந்தவள் என்றதும் கசம், காசநோய், என்று சந்தேகப்பட்டார். பிழை சொல்ல ஏலாது; கசமும் கழுத்துக் கணுவை வீங்கச் செய்யும். குளிசை தந்தார். வீட்டில் எனக்குத் தனிக் கோப்பை, தனிப் பிளேற். அனிற்றாவைக் கொஞ்சாமல் இருந்தேன். பனி கரைந்து, மரங்களில் இலை வந்துவிட்டது. கல்லு மட்டும் கரையவில்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, கழுத்தில் விறைக்க ஊசி போட்டு ஒரு கணுவை வெட்டியெடுத்தார்கள்.

நோயைச் சொன்ன அந்த நாளில் என்னால் ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது. "ஆர் அந்த மனிசன்?"

இளம் டொக்டர் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு காலம் உயிரோடு இருப்பேன் என்று கேட்பேன் என்றுதான் இருந்திருப்பார். "பழைய காலத்து ஆங்கில வைத்தியர்," என்றார். "அதற்கு மேலே எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் ஒருவரும் கேட்டதில்லை." சற்று யோசித்துவிட்டு, "உங்கள் கணுவை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் லண்டனில் படித்தவர். அவரைக் கேட்கிறேன்," என்றார்.

மற்றக் கேள்வியை அருள் கேட்டார். இந்த நோயைச் சுகமாக்கலாம், நிறையப் பேருக்கு மாறியிருக்கிறது. ஆனால் அது உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் தொடங்க ஏலாது என்றார் டொக்டர். அதைப் பார்க்க வார்டில் தங்க வேண்டும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்த சிவமணி அக்கா வந்து அனிற்றாவின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டா. மட்டக்களப்புக்காரி, சொந்தமாகப் பிள்ளை இல்லை. "நீ ஒண்டுக்கும் யோசியாத புள்ள," என்றா. "இவள் என்னோட இருக்கட்டும். தலை இழுக்கத் தெரியாட்டியும் பழகிக்கொள்ளுவன்." அவ கட்டிவிட்ட கோணல் பின்னலோடுதான் அனிற்றா அந்தக் கோடை முழுவதும் திரிந்தாள்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ரோஸ் என்றொரு பெண். ஒன்ராறியோவின் வடக்கு மூலையிலிருந்து, றோட்டே போகாத ஒரு ஊரிலிருந்து, சின்னப் பிளேனில் கொண்டுவந்திருந்தார்கள். பூர்வகுடிப் பெண். சிறுநீரகத்தில் வருத்தம். அதிகம் பேசமாட்டார். ஆனால் எனக்குச் சாப்பாடு இறங்காத நேரம் தன்னுடைய ஜெலியை என் மேசைக்குத் தள்ளிவிடுவார்.

முதல் சோதனை கால்களில். விரல்களுக்கு நடுவே நீலச் சாயம் ஊசியால் போட்டார்கள். அந்தச் சாயம் நிணநீர்க் குழாயைக் காட்டிக் கொடுக்கும். பிறகு பாதத்தைக் கீறி, நூல் மாதிரியான அந்தக் குழாய்க்குள் மெல்லிய ஊசியைச் செருகி, எக்ஸ்ரேயில் தெரிகிற எண்ணெய் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது வயிறு வரைக்கும் ஏறி அங்கேயுள்ள கணுக்களைப் படத்தில் காட்டும். கட்டையைப் போல அசையாமல் கிடந்தேன். கரும்பலகையில் கீறிய பச்சைக் கோடு எனக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

சிறுநீரும் நீலமாகப் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. கழிவறைக்குள் நான் போட்ட சத்தத்துக்கு நேர்ஸ் ஓடி வந்தா. அனிற்றா என்னைப் பார்க்க வந்தபோது போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "உங்களுக்கு மை குடுத்தவையோ?" என்று கேட்டாள்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி என்பு மச்சையும் எடுத்தார்கள். எலும்புக்குள்ளே இரத்தம் ஊறுகிற சோறு அது. எடுக்கும்போது காலின் நுனிவரைக்கும் யாரோ உறிஞ்சியது போல இருந்தது. நான் கத்தவில்லை. அருள்தான் வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் பின்னேரம், கட்டம் போட்ட கம்பளிச் சட்டையோடு ஒரு பெண் வந்தா. என் வயதுதான் இருக்கும். கிட்ட வந்தபோது எனக்குப் பழக்கமான மணம் ஒன்று வந்தது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தவளைகளைப் போட்டு வைத்த ஃபோமலின் மணம்.

"நான் விட்கம்," என்றா. "நோயியல் டொக்டர். உங்கள் கணுவைப் பார்த்தது நான். நாங்கள் வழக்கமாக நோயாளிகளைச் சந்திப்பதில்லை. எங்களிடம் வருகிறவர்கள் பேசமாட்டார்கள்." சொல்லிவிட்டுத் தானே முகம் சிவந்தா. "நீங்கள் அவரைப் பற்றிக் கேட்டீர்களாம்."

அவ பேசியதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவ படித்த லண்டன் ஆஸ்பத்திரியில்தான் அந்த மனிதரும் வேலை செய்தவராம். அவருடைய பதவியின் பெயர் இறந்தவர்களைப் பரிசோதிப்பவர். ஆஸ்பத்திரியில் சாகிற ஏழைகளின் உடலைத் திறந்து, எதனால் செத்தார்கள் என்று பார்த்து எழுதுவது. பழுதான உறுப்புகளைப் போத்தல்களில் இட்டு ஒரு காட்சிச்சாலையே அமைத்தவர். இதயத் துடிப்பைக் கேட்கிற குழாயைப் பிரான்சில் படித்துவிட்டு வந்து அந்த ஆஸ்பத்திரியில் காட்டினவரும் அவர்தானாம். அங்கேயிருந்தவர்கள் அதைப் பூச்சாடியாகப் பாவித்தார்களாம்.

"சிலபேருடைய உடலில் ஒரு விசயம் கண்டார்," என்றா விட்கம். "கழுத்திலும் வயிற்றிலும் கணுக்கள் வீங்கியிருந்தன. மண்ணீரலிலும் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். கசம் இல்லை, கிருமிப் புண்ணும் இல்லை. அந்தக் கணுக்களிலேயே பிறந்த தனி நோய் என்று எழுதினார். வெறும் கண்ணால் பார்த்துத்தான். நுணுக்குக்காட்டி பிடிக்கவேயில்லை."

"எத்தினை பேரைப் பார்த்தவர்?"

"விரல் விட்டு எண்ணலாம்."

"அதில ஆராவது பிழைச்சவையோ?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உணர்ந்தேன். விட்கம் என் போர்வையின் மடிப்பைச் சரி செய்தா.

"முதல் ஆள் ஆர்?" என்றேன்.

"ஒரு பொடியன்," என்றா. "ஒன்பது வயது."

அனிற்றாவின் வயது. அதுவரைக்கும் அந்த நோய்க்கு ஒரு கிழவரின் முகத்தைத்தான் நான் கொடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒரு சின்னப் பொடியனின் கழுத்துத் தெரிந்தது. எப்போதோ ஒரு தாய் அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன கல்லு என்று கேட்டிருப்பாள். நான் அழத் தொடங்கினேன். நோய் சொன்ன நாளில்கூட அழாதவள்.

விட்கம் இனி வரமாட்டா என்று நினைத்தேன். மறுநாள் பின்னேரம் வந்தா. அருளும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"நேற்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றா.

"உண்மையைத்தானே சொன்னனீங்கள்," என்றேன். "மிச்சத்தையும் சொல்லுங்கோ. அவருக்குப் பெரிய பேர் கிடைச்சிருக்கும்."

"கிடைக்கவில்லை. அவர் எழுதியதை ஒருவரும் கவனிக்கவில்லை. மேல் பதவி ஒன்று வெறுமையானபோது அதையும் கொடுக்கவில்லை." ரோஸின் கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "அதற்கு இந்த நாடும் ஒரு காரணம். இங்கே மிருகத் தோல் வியாபாரம் செய்த பெரிய கம்பனி ஒன்று, பூர்வகுடிகளைச் சாராயத்தாலும் கடனாலும் அழிக்கிறது என்று அவர் எழுதினார். கனடாவுக்கு வந்தவரே இல்லை. வாசித்தும் கேட்டும் அறிந்ததை வைத்து எழுதினார். ஆஸ்பத்திரியை நடத்தின பெரியவருக்கு அந்தக் கம்பனியில் கை இருந்தது. அந்தப் பெரியவருக்கே நேரே எழுதினார்."

பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது. ரோஸ் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கம்பனிக் கடை எங்கள் ஊரில் இப்போதும் இருக்கிறது," என்றார். "என்னுடைய தகப்பன் அங்கேதான் தோல் விற்றவர்." விட்கமை உற்றுப் பார்த்தார். "லண்டனில் ஒரு வெள்ளைக்கார டொக்டர் எங்களுக்காக வேலையை இழந்தாரா?"

"ஓம்."

"எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே," என்றார் ரோஸ். திரும்பச் சரிந்து படுத்து முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு அவர் செத்தவர்களைத் திறந்து பார்க்கிற வேலையை விட்டுவிட்டார்," என்றா விட்கம். "ஒடுக்கப்பட்டவர்கள், நாடற்றவர்கள் என்று அவர்களுக்காகத் திரிந்தார். அப்படி ஒரு பயணத்திலேயே வயிற்றோட்டம் வந்து செத்தார். ஜஃபாவில்."

அருள் கதிரையிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "யாழ்ப்பாணத்திலயோ?"

விட்கமுக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் யாழ்ப்பாணத்தை எப்படிச் சொல்வார்கள் என்று அருள் சொல்லிக் காட்டினார். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அது பலஸ்தீனத்துக் கடற்கரைப் பட்டினம் என்று விட்கம் விளக்கினா. அருள் தலையாட்டினார், ஆனால் அவருக்கு வியர்த்திருந்தது. போகும்போது என்னிடம், "அந்தாள் எங்கட பக்கம் வந்து செத்திட்டார் எண்டு ஒரு நிமிசம் நினைச்சிட்டன் ஸ்ரெல்லா," என்றார். "ஏனோ தெரியாது, நெஞ்சு இடிச்சுப்போச்சு."

சோதனைகள் முடிந்தன. கால் சாயப் படத்தில் வயிற்றுக் கணுக்கள் சுத்தம். ஈரல் படமும் சுத்தம். என்பு மச்சையும் சுத்தம். அருள் தேவாலயத்துக்கு மெழுகுதிரி நேர்ந்தார். அந்தச் சந்தோஷத்தோடு இருக்கையில்தான் இளம் டொக்டர் சத்திரசிகிச்சை டொக்டரோடு வந்தார். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

"வயித்தில ஒண்டும் இல்லையெண்டுதானே சொன்னனீங்கள்?" என்றேன்.

"படங்களில் ஒன்றுமில்லை," என்றார் இளம் டொக்டர். "படங்கள் எல்லாவற்றையும் காட்டாது. மண்ணீரலை எடுத்து, ஈரலிலும் கணுக்களிலும் சின்னத் துண்டுகள் எடுத்துப் பார்ப்போம். நோய் மார்புக்கு மேலே மட்டும் என்றால் கதிர் வைத்தியம் போதும். கீழேயும் இருந்தால் மருந்தும் ஏற்ற வேண்டும்."

"பார்க்கிறதுக்காக வெட்டப் போறியளோ? உயிரோட இருக்கிற ஆளை?"

என் குரல் எனக்கே கேட்டது. வார்டில் எல்லோரும் திரும்பினார்கள். அந்தப் பொடியனைத் திறந்து பார்த்தது போல, செத்தவர்களைப் பார்த்தது போல, என்னையும் திறந்து பார்க்கப் போகிறார்கள். நான் மாட்டேன் என்றேன். தமிழிலும் சொன்னேன், ஆங்கிலத்திலும் சொன்னேன். பையை எடுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன்.

"இஞ்ச பாரும்," என்று அருள் கையைப் பிடித்தார். "நீர் வேண்டாமெண்டால் நான் கூட்டிக்கொண்டு போறன். ஆனால் அந்த டொக்டர் மனிசியை ஒருக்காக் கேட்டிட்டுப் போவம்."

விட்கமின் ஆய்வுகூடம் நிலக்கீழ் மாடியில். எனக்குத் தள்ளு கதிரை வேண்டாம் என்று நீலப் பாதங்களோடு நடந்து போனேன். விட்கம் ஒரு கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துக் கதிரையை எனக்கு விட்டா. நானே குவியத்தைத் திருப்பினேன். கை மறக்கவில்லை.

ஊதா நிறத்தில் சின்னச் சின்ன உயிர்க்கலங்கள், கொட்டிவிட்ட குரக்கன் தானியம் போல. அவற்றுக்கு நடுவே ஒன்று, மற்றவற்றைவிடப் பலமடங்கு பெரிசு. அதற்கு இரண்டு கரு. ஒவ்வொரு கருவுக்குள்ளும் ஒரு கரும்பொட்டு. ஆந்தையின் முகம். அது என்னைப் பார்த்தது. நான் கதிரையோடு பின்னால் தள்ளிப்போனேன்.

"அதுதான்," என்றா விட்கம். "அவர் இதைக் காணவில்லை. அவருடைய போத்தல்களில் இருந்த துண்டுகளை அவருக்குப் பிறகு வந்தவர்கள் எடுத்து இப்படிப் பார்த்தார்கள். சிலவற்றில் இந்தக் கலம் இருந்தது. அவர் கண்ணால் பார்த்துச் சொன்னது சரி என்று அப்போதுதான் நிச்சயமானது."

"சிலதிலயோ? எல்லாத்திலயும் இல்லையோ?"

"இல்லை. சிலருக்கு வேறு நோய் இருந்திருக்கிறது. கண்ணால் பார்ப்பதில் பிழை வரும். படத்தால் பார்ப்பதிலும் வரும்." என் முகத்துக்கு நேரே குனிந்தா. "ஸ்ரெல்லா, மண்ணீரலில் இந்த நோய் இருக்கும் என்று எங்களுக்குச் சொன்னவர்கள் அந்தச் செத்த மனிதர்கள்தான். உங்கள் மண்ணீரலில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று நினைத்து நாங்கள் கழுத்துக்கு மட்டும் வைத்தியம் செய்துவிட்டு, அது அங்கே இருந்தால், பிறகு நான் உங்களை இந்த அறையில்தான் சந்திப்பேன். எனக்கு அது வேண்டாம்."

அருள் என்னைப் பார்த்தார். நான் இரண்டாம் முறையும் நுணுக்குக்காட்டியில் குனிந்தேன். அது இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்புக்கொண்டேன்.

சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு பாதிரியார் வந்து எண்ணெய் பூசினார். சிவமணி அக்கா கோயில் திருநீற்றை மடித்து அருளின் சட்டைப்பைக்குள் அனுப்பியிருந்தா. அருள் அதையும் என் நெற்றியில் பூசினார். ரோஸ் கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி, என்னைத் தள்ளிக்கொண்டு போகையில் என் விரலைத் தொட்டார்.

கண் விழித்தபோது வயிறு முழுக்க நெருப்பு. இருமினால் உயிர் போய் வந்தது. அருள் என் தலைமாட்டில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்ல முன்னரே எனக்குத் தெரிந்துவிட்டது; ஒரு கையால் மற்றக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

விட்கம்தான் வந்து சொன்னா. மண்ணீரலை வெளியே எடுத்ததும் சத்திரசிகிச்சை அறைக்கே போய்ப் பார்த்தாவாம். வெளித்தோற்றத்துக்கு ஒன்றுமில்லை. மெல்லிய துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்தபோது, உள்ளே அரிசியளவில் வெள்ளைப் பொட்டுகள். "நுணுக்குக்காட்டி வைக்கிறதுக்கு முன்னரே கண்ணில் தெரிந்தது," என்றா. சொல்லிவிட்டு என் கட்டிலின் ஓரத்தில் இருந்துவிட்டா. எத்தனையோ பேரின் மண்ணீரலை வெட்டியவ.

எந்தப் படமும் காட்டாதது. நான் பையை அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நினைப்பு வந்தபோது வயிற்று நோவு நின்றுபோனது போல இருந்தது. உயிர் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டு நின்றது என்று அன்றைக்குத்தான் கண்டேன். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மருந்து ஏற்றுகிற மாதங்களைப் பற்றி அதிகம் எழுத ஆசையில்லை. அதில் ஒன்று சிவப்பு நிறம். இன்றைக்கும் நெக்டோ சோடாவைக் கண்டால் குமட்டும். தலைமயிர் தலையணையில் கொத்தாக வந்தது. மிச்சத்தை அருளே சவரம் செய்துவிட்டார். கன்னத்தைச் சவரம் செய்யும்போது பேசாதவர், என் தலையைச் செய்யும்போது வாய் ஓயாமல் பேசினார், வேலையிடத்துக் கதையெல்லாம். அனிற்றா பாத்றூம் வாசலில் நின்று பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் சாகப் போறீங்களோ?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் கேட்டாள். கடினமான விசயங்களை அவள் ஆங்கிலத்தில்தான் கேட்பாள்.

அருளின் கை நின்றது.

"தெரியாது அனிற்றா," என்றேன். "சாகாமல் இருக்கத்தான் இதெல்லாம் செய்யிறம்."

அவள் உள்ளே வந்து, என் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த நுரையைத் துவாயால் துடைத்தாள்.

மருந்துக்குப் பிறகு கழுத்துக்கும் மார்புக்கும் கதிர். குறி தவறாமலிருக்க நெஞ்சில் கறுப்புப் புள்ளிகள் பச்சை குத்தினார்கள். தொண்டை வெந்து எதையும் விழுங்க ஏலாத நாட்களில் சிவமணி அக்கா சோற்றைக் குழையக் காய்ச்சி, பாலும் விட்டுக் கரைத்து, மேலிருந்து போத்தலில் கொண்டுவருவா. நான் குடித்து முடிக்கும்வரைக்கும் எதிரே இருந்து ஊர்க்கதை சொல்லுவா. ரோஸ் அதற்கு முன்னரே ஊருக்குத் திரும்பியிருந்தார். போகிற நாளில், அந்த டொக்டர் மனிதரின் பெயரை எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பெயரை நான் எழுதியது அந்த ஒரு தரம்தான்.

கல்லுகள் கரைந்தன. கடி நின்றது. மயிர் சுருட்டையாக முளைத்தது. மண்ணீரல் இல்லாதவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பொல்லாதது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தடுமல் வந்து மூக்கு ஒழுகினாலே அருள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிற்பார். அப்படியே காலம் போனது. எண்பதுகள் முடியும் நேரத்தில் நாங்கள் ஸ்காபரோவுக்கு வீடு மாறிவிட்டோம். ஒரு நாள் பரிசோதனைக்குப் போனபோது விட்கமைப் பார்க்க நிலக்கீழ் மாடிக்கு இறங்கினேன்.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள்," என்றா. "ஞாபகமா, உங்களிடம் எடுத்ததைப் படிப்பித்தலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உங்களைக் கேட்டேனே?"

ஓம் என்று சொன்னது ஞாபகம் வந்தது. வைத்திருப்பார்கள் என்று மட்டும் நினைக்கவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. தட்டுகளில் போத்தல் போத்தலாக உறுப்புகள். ஒரு போத்தலைத் தூக்கி மேசையில் வைத்தா. துண்டு துண்டாக வெட்டி விரித்த ஒரு மண்ணீரல். சாம்பல் நிறத் தசையில் வெள்ளைப் பொட்டுகள். ஒட்டியிருந்த கடதாசியில் பெயர் இல்லை. பெண், வயது, நோயின் பெயர், அவ்வளவுதான்.

என் உடம்புக்குள் இருந்த ஒன்றை வெளியே நின்று பார்க்கிறேன். விலாவுக்குக் கீழே, அது இருந்த இடத்தைக் கை தானாகவே போய்ப் பிடித்தது.

அப்போது கதவு திறந்து மருத்துவ மாணவர்கள் உள்ளே வந்தார்கள். விட்கம் அவர்களை எதிர்பார்த்திருந்தா போல. மேசையைச் சுற்றி நின்று போத்தலைப் பார்த்தார்கள். பொட்டுகளை எண்ணினார்கள். நான் கோட்டோடு மூலையில் நின்றேன், யாரும் பார்க்கவில்லை. ஒரு மாணவி கண்ணாடியில் விரலை வைத்து, "இந்தப் பெண் எப்போது இறந்தார்?" என்று கேட்டாள்.

விட்கம் திரும்பி என்னைப் பார்த்தா.

"நான் இன்னும் சாகேல்ல," என்று என் வாயில் தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்தப் பிள்ளை விரலைச் சுடுபட்டவள் போல எடுத்தாள். ஒருவனுடைய பேனை நிலத்தில் விழுந்தது. குனிந்து எடுக்க மறந்துபோய் நின்றான். அதற்குப் பிறகு ஒருவரும் போத்தலைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.